இடது கண்ணின் கடல்

வலது கண்ணை மூடினால் ஒரு கடல், இடது கண்ணை மூடினால் இன்னொரு கடல். மணப்பாட்டுக் கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து குணசீலிக்கு இதே வேலைதான், உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்துவதும் எடுப்பதும், பொத்துவதும் எடுப்பதும். பார்க்கிறவர்கள் இந்த அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அறுபது தாண்டிய ஒருத்தி கடலை எந்தக் கண்ணால் பார்த்தால் என்ன, அது அவள் பாடு. வலதைப் பொத்து: பழகிய கடல், டீத்தூள் கழுவிய தண்ணீர் மாதிரி, மெத்தென்று, வானமும் அதிலேயே முக்கி எடுத்தது, இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று தேட வேண்டும், அப்படித் தேடுவதில் ஒரு சுகம் உண்டு, அந்தச் சுகத்திலேயே எட்டொன்பது வருஷம் ஓடியிருக்கிறது. இடதைப் பொத்து: ஐயோ. ஐயோ ஆண்டவரே, இது என்ன இது, இத்தனையையும் யார் கொண்டுவந்து ஊற்றினார்கள். கரையோரம் உடைந்த வளையல் துண்டின் பச்சை, அதைத் தாண்டி ஒரு நீலம், அதற்கு அப்பால் அந்த நீலத்தைப் பொய்யாக்குகிற இன்னொரு நீலம், கடைசியில் வானம் தொடுகிற இடத்தில் கறுப்புக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்ட ஒன்று, அதற்கு என்ன பெயர், அதற்கும் நீலம் என்றுதான் பெயரா, ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊர் எப்படிக் காலம் தள்ளுகிறது. அலை உடைகிற இடத்தில் வெள்ளை. வெள்ளை என்றால் வெள்ளை. அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது, முட்டியதுமே பயமும் முட்டியது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அழுகைத் தண்ணீர் அந்தக் கணக்கில் சேருமா சேராதா, இதையெல்லாம் அந்த மனுஷரிடம் கேட்டுவைத்திருக்க வேண்டாமா.

வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. அந்த ஒரு மாதமும் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, குனியாதே, தும்மாதே, அடுப்புப் பக்கம் போகாதே. எபனேசர், அவளுடைய வீட்டுக்காரர், மின்வாரியத்தில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர், உயரக் கம்பத்தில் ஏறினவர்களுக்கே உரிய ஜாக்கிரதையோடு அவளைக் காவல் காத்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே உலகம் ஒரே புகையாகத்தான் இருந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொன்ன அன்று அவள் முதலில் பார்த்தது ஹாலில் மாட்டியிருந்த தன்னுடைய படத்தைத்தான், அவள் வரைந்ததிலேயே அவளுக்குப் பிடித்த படம், இதே கரை, இதே கோயில் மேடு, பகல் பதினொரு மணி வெயில். பார்த்துவிட்டு, "என்னங்க, பிரேம் கண்ணாடியில ஒரே அழுக்கு, மஞ்சப் புடிச்சுக் கெடக்கு, கொஞ்சம் துடைங்க" என்றாள். அவர் துடைத்தார். சாயங்காலம் திரும்பவும் சொன்னாள், திரும்பவும் துடைத்தார், வாயே திறக்காமல், ஈரத் துணியால் ஒரு தடவை காய்ந்த துணியால் ஒரு தடவை. நேற்று அவளே ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியைத் தனியே எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. மஞ்சள் தாளில் இருந்தது. அவள் கடலில் இருந்தது. அப்போதுதான் நெஞ்சுக்குள் ஏதோ வழுக்கியது, மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்க, அங்கே படி இல்லாமல் போகுமே, அப்படி. உடனே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பழைய இடது கண்ணால் பார்த்தாள். படம் சரியாக இருந்தது. அச்சாகப் பதினொரு மணி. அவளுடைய பதினொரு மணி.

அதனால்தான் இன்றைக்கு இங்கே வந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பாளையங்கோட்டையிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் எபனேசர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், காற்று, மணல், வெயில், கிருமி என்று ஒவ்வொன்றாக, அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை, அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம், கடல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும், படம் சரியா கடல் சரியா. வந்து பார்த்தாயிற்று. கடல் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன விதம்! இப்படியா ஒருத்தியின் தப்பைச் சொல்வார்கள், தப்பென்று சொல்கிறபோதே இத்தனையை அள்ளி மடியில் கொட்டினால் அவள் அழுவாளா சிரிப்பாளா. பூவரச மரத்தடியில் நிறுத்தியிருந்த காரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய எபனேசர் வந்தார், மற்றக் கையில் செல்போன்.

"ஆஸ்பத்திரியில இருந்து அந்தப் பிள்ள திரும்பவும் போன் பண்ணுச்சு. திங்கக்கெழம ஆபரேஷன் லிஸ்ட்டுல உன் பேர வைக்கவா எடுக்கவான்னு கேக்கா."

"கொஞ்சம் இருங்க."

"நேத்தும் இதத்தான் சொன்ன. மத்தியானத்துக்குள்ள சொல்லணுமாம், இல்லன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாவளாம். பொறவு எப்ப கெடைக்குமோ."

"இருங்கன்னு சொல்லுதேன்லா."

"சரி, கண்ணாடியவாவது போடுட்டி. மண்ணு கிண்ணு விழுந்துச்சுன்னா டாக்டரு என்னயத்தான் ஏசுவாரு."

அவள் போட்டுக்கொண்டாள். அவர் பத்தடி போனதும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை இடது கண். அதிலும் அந்தப் புரையை எடுத்துவிட்டு ஒரு சின்ன வில்லையை வைத்துவிடுவார்கள், வலி கிடையாது, அரை மணி நேர வேலை, அவளுக்கு அந்தப் பயமெல்லாம் போன மாதமே போயிற்று. இப்போது இருக்கிற பயம் வேறு, அதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். அவள் வரைந்த கடல்கள் எத்தனை, ஹாலில் ஒன்று, தங்கை அற்புதத்தின் வீட்டில் ஒன்று, மஸ்கட்டில் மகன் வீட்டில் ஒன்று, கோயில் பாஸ்டரின் அறையில் ஒன்று, அலமாரி மேலே பெட்டிக்குள் கட்டுக்கட்டாக. அத்தனையையும் சரி என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரே ஒரு இடது கண். இதையும் சுத்தம் செய்துவிட்டால் அந்தப் படங்களை அவள் பார்த்த மாதிரி பார்க்க ஒரு ஜீவன் கிடையாது, அவளுமே கிடையாது. அந்த வருஷங்களில் அவள் எதைப் பார்த்தாள் என்பதற்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். புரைதான், டாக்டர் படம் போட்டுக் காட்டினார், பழுத்துப்போன சதை, சீக்காளிக் கண். சீக்காளியாக இருந்தால் என்ன, அவளுக்குச் சாட்சி அதுதானே. அதை எடுக்கச் சொல்லி அவளே வாயால் எப்படிச் சொல்லுவாள். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் பையைத் திறந்து பலகையை எடுத்து மடியில் வைத்தது, தாளை எடுத்து நாலு பக்கமும் டேப் ஒட்டியது, இந்தக் கைக்கு எப்போதும் அவசரம், மனசு வாசலில் நின்று செருப்பைத் தேடும்போது கை தெருமுனைக்குப் போயிருக்கும்.

தாளில் வெறும் தண்ணீர் தடவ வேண்டும், முதலில் அதுதான், அகலப் பிரஷ்ஷை முக்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுக்க வேண்டும். வாட்டர் கலரில் அவளுக்கு ரொம்பப் பிடித்த நேரம் இதுதான், இன்னும் ஒரு தப்பும் செய்யாத நேரம், ஈரம் மினுங்கும், சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் வழியும். இழுத்தாள், சாய்த்தாள், பார்த்தாள், வாயில் கையை வைத்தாள். தாள் வெள்ளை இல்லை. பழைய பல்லின் நிறத்தில் இருக்கிறது தாள். எட்டொன்பது வருஷமாக இதே தாள், கடைக்காரரிடம் கறாராகச் சொல்லி வாங்குவாள், எனக்குச் சுத்த வெள்ளைதான் வேணும், கிரீம் கலரை என் தலையில கட்டாதீங்க என்று சொல்லிக்கொண்டே இந்தக் கட்டை எடுப்பாள், அவரும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரிம்மா, அப்ப இதையே எடுத்துக்கோங்க என்பார். அடப்பாவி மனுஷா. வாட்டர் கலரில் வெள்ளைச் சாயம் இருந்தாலும் தொழில் தெரிந்தவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், நுரைக்கும் மேகத்துக்கும் தாளைத்தான் சும்மா விடுவது, விட்ட இடம்தான் வெள்ளை. அப்படியென்றால் அவள் பார்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு படாமல் விட்டுவைத்த நுரையெல்லாம். சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்தாள். கொஞ்சம் தள்ளி வள்ளத்து நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஆள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கலர் தட்டைத் திறந்தாள். திறந்ததும் சிரிப்பு நின்றது. தட்டில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு குழி, டியூபிலிருந்து பிதுக்கிக் காய வைத்து வருஷக்கணக்காகப் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு எடுப்பது. பழுப்புக் குழி அடித்தகரம் தெரியச் சுரண்டியிருந்தது, எத்தனையாவது தடவை நிரப்பினதோ, காவிக் குழி அப்படித்தான், மஞ்சள் குழி அப்படித்தான். நீலக் குழிகள் மூன்று. மூன்றும் பிதுக்கின மேனிக்கு அப்படியே உட்கார்ந்திருந்தன, ஒன்றில் முனை கூட உடையவில்லை, மேலே தூசி படிந்து, கல்யாண வீட்டில் யாரும் பேசாத சொந்தக்காரர்கள் போல. கடலை மட்டுமே வரைந்தவள் நீலத்தைத் தொடவே இல்லை. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்துப் பேசியிருப்பாள், தட்டு சொன்னால் என்ன செய்வது. இருந்தாலும் மனசு விடவில்லை, அது வக்கீல் மாதிரி எழுந்து நின்றது: இரு, இரு, கண் மஞ்சளாக இருந்தால் கடலும் மஞ்சளாகத் தெரியும் சரி, சாயமும் அதே மஞ்சளாகத்தானே தெரிந்திருக்கும், அப்போது இரண்டும் கழிந்துபோய்ப் படம் சரியாகத்தானே வந்திருக்க வேண்டும், இதைக் கணக்காகப் போட்டுப்பார், படம் சரி. ஒரு நிமிஷம் அவளுக்கு உயிரே வந்தது. அப்புறம் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நீலக் குழியையும் பழுப்புக் குழியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல் இருண்டு கிடந்தன, எது எதென்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண முடியாது. அவ்வளவுதான் விஷயம். இரண்டு இருட்டில் கைக்குப் பழகின இருட்டைக் கை எடுத்திருக்கிறது. வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அந்தப் பள்ளிக்கூட ஹால் வந்து முன்னால் நின்றது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்தது. கோயில் அசனத்தன்று, சபையே கூடிச் சாப்பிடுகிற நாளில், பெண்கள் சங்கத்தில் அங்கே கண்காட்சி வைத்தார்கள், ஊறுகாய் ஒரு மேஜை, பின்னல் வேலை ஒரு மேஜை, சுவரில் குணசீலியின் கடல்கள். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை, சாயங்காலம் எவ்வளவு அழகா இருக்கு, சூரியன் விழுற நேரம் எவ்வளவு அழகா இருக்கு. சாயங்காலம் இல்லை, பகல் பதினொரு மணி என்று அவள் முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள், அப்புறம் சிரிக்காமல் சொன்னாள், கடைசியில் தங்கை வீட்டுக்காரர், பாவம், நல்ல மனுஷன், "மைனி, இந்த அந்தி வெளிச்சத்தப் புடிக்கதுக்கு ஒங்கள விட்டா ஆளு கெடையாது" என்று மனசாரச் சொன்னபோது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது, "கண்ணு இருக்கவங்களுக்குத்தான் பகலு தெரியும்" என்று அத்தனை பேர் முன்னிலும் சொல்லிவிட்டாள். சொன்னாள். அந்த வாயால். இப்போது நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது, மணலுக்குள் புதைந்துகொள்ளலாமா என்றிருந்தது, அந்த மனுஷன் முகம் எப்படிச் சுண்டிப்போயிற்று, அப்புறமும் அவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் மாட்டினாரே. இதே ஊரில் ஒருவருக்கு அவருடைய வள்ளத்தையே வரைந்து கொடுத்தாள், அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு டீச்சர், இது யாரு வள்ளம்?" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவளை டீச்சர் என்றதைக்கூட மன்னித்தாள், இது யாரு வள்ளம் என்றதை மன்னிக்கவில்லை, நன்றி கெட்ட ஊர் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். வண்டி ஓட்டிக்கொண்டு எபனேசர் உம் கொட்டினார். உம் கொட்டினார்! அவருக்கு என்ன, அவர் கண் பருந்துக் கண்ணாயிற்றே, கம்பத்து உச்சியில் கம்பி அறுந்திருப்பதைத் தரையில் நின்று சொல்வார். அவருக்குத் தெரியும். அத்தனை வருஷமும் தெரியும். பிரேம் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தாரே, அப்போதும் தெரியும்.

"என்னங்க!" என்று கத்தினாள். காற்று எதிர்க்காற்று, இரண்டாவது தடவை கத்தினதும்தான் அவருக்குக் கேட்டது. குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார்.

"என்னட்டி, கண்ணுல விழுந்துட்டா?"

"ஒண்ணும் விழல. ஒரு விஷயம் கேப்பேன், உள்ளதச் சொல்லணும். நான் வரைஞ்ச கடலெல்லாம் மஞ்சளா இருந்துச்சா இல்லையா?"

அவர் கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மடியில் கிடந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இருந்துச்சு."

"ஒங்களுக்குத் தெரியும்."

"கண்ணு இருக்குல்லா, தெரியாமயா."

"பொறவு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னேன்ட்டி. மொதல்ல ஒரு தடவ சொன்னேன். தண்ணி நீலமால்லா இருக்கு, நீ என்ன காவியப் போடுதன்னு கேட்டேன். ஒங்களுக்குக் கலரப் பத்தி என்ன தெரியும், போஸ்ட்டு மரத்துக்குப் பெயின்ட் அடிக்கத்தான் தெரியும்னு சொல்லிட்டு ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல நீ. நானே சோறு போட்டுத் தின்னேன். பொறவு நான் என்ன நெனச்சேன், சரி, இது ஒரு ஸ்டைலு போல, படிச்சவங்க இப்படித்தான் வரைவாங்க போலன்னு இருந்துட்டேன்."

"சீக்குன்னு நெனக்கல."

"அத நெனச்சிருந்தா அன்னைக்கே தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில போட்டுருப்பேன்லா."

சொல்லிவிட்டு அவர் நின்றார், போகவா நிற்கவா என்று தெரியாத நிற்பு. அவளுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும், வரட்டும் என்று காத்திருந்தாள், வரவில்லை, இரண்டு நாள் அவரே சோறு போட்டுத் தின்றார் என்பது மட்டும் உறுத்தியது, அதுகூட இவளுக்கு ஞாபகம் இல்லை. "போங்க, போயி ஒக்காருங்க" என்றாள், "தாளு காயுது." உண்மையில் காயவில்லை, கடற்கரைத் தாள் அவ்வளவு சீக்கிரம் காயாது, கையை மட்டும் பிடித்துவைக்க முடியவில்லை.

பிரஷ்ஷை நீலக் குழியில் குத்தினாள். முதலில் அது வழுக்கியது, இத்தனை நாள் கேட்பாரற்றுக் கிடந்த ரோஷம், தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்ததும் சட்டென்று இளகி ஏறிக்கொண்டது, பிரஷ் முழுக்க, முடியின் அடி வரைக்கும். தாளில் வைத்தாள். ஐயையோ, ஓடுகிறதே, பிடி, பிடி, பலகையைச் சாய், அந்தப் பக்கம் போகாதே, அது வானம், சரி போ, வானத்துக்கும் கொஞ்சம் போ. நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது, எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த முதல் நாள் விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிய, எந்தக் கம்பியை எதில் செருகுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு செருகினாளே, அதே அடிப்பு, அதே வியர்வை, அந்த வயதுக்கு அப்புறம் இப்படி அடித்ததே இல்லை. இரண்டாவது நீலத்தை எடு. மூன்றாவதையும் எடு. கரையோரப் பச்சைக்கு எதை எதோடு சேர்ப்பது, தெரியாது, சேர்த்துப் பார், இது பாசி, இது வேண்டாம், துணியை வை, ஒற்று, ஒற்றினால் திட்டாகிறது, ஆகட்டும். நுரைக்கு இடம் விட மறந்துபோயிற்று! அலை வந்து உடைகிற இடத்தில் எல்லாம் நீலம் ஏறி உட்கார்ந்துவிட்டது, போனது போனதுதான், இதில் திரும்ப வாங்க முடியாது. ஒரு துளி உப்புத் தண்ணீர் காற்றில் வந்து தாளில் விழுந்து அது விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு பூ விரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இந்தப் பக்கம் ஒரு ஓடை வழிந்து டேப்பைத் தாண்டிப் புடவையில் சொட்டியது. சொட்டட்டும். கை முழங்கை வரை நீலம். மூக்கு நுனியிலும் இருக்கும்போல் இருக்கிறது. எத்தனை நேரம் போயிற்று என்று தெரியவில்லை, கழுத்து வலித்தபோதுதான் நிமிர்ந்தாள், நிமிர்ந்து, பலகையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது கண்ணால் பார்த்தாள்.

மட்டமாக இருந்தது படம். ஆரம்பப் பள்ளிச் சுவரில் நீரின்றி அமையாது உலகு என்று எழுதி மேலே ஒரு மீன் வரைவார்களே, அந்தச் சுவர் நீலம். சத்தம் போட்டது. ஆழம் இல்லை, காற்று இல்லை, நடுவில் வாளி கவிழ்ந்த மாதிரி ஒரு திட்டு. பழைய படங்களில் என்ன குறை சொன்னாலும் ஒரு அமைதி உண்டு, அது அவளுக்கே தெரியும், பழுப்பில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே கரைய விட வேண்டும் என்பது விரல் நுனியில் இருந்தது, அத்தனை வருஷத்துக் கைவேலையும் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது, நீலத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியாது, ஒன்றுமே. கடல் கிடைத்துவிட்டது, கை போய்விட்டது. இடது கண்ணை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன, ஒரு கண்ணால் வாழட்டும் ஒரு கண்ணால் வரையட்டும், யாருக்கு என்ன நஷ்டம், போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, எல்லாரும் அழகா இருக்கு என்பார்கள், அந்தி என்பார்கள், பதினொரு மணி என்று சண்டை போடாமல் ஆமாம் அந்திதான் என்று சொல்லிவிட்டால் போயிற்று. அப்படியும் ஒரு ஆயுசை ஓட்டலாம். நல்லபடியாகவே ஓட்டலாம். ஆனால் கடல் இதோ இருக்கிறதே. இந்தச் சண்டாளக் கடல் இப்படி இருக்கிறதே, இதைப் பார்த்த பிறகு எப்படி.

பின்னால் மணல் நெரிந்தது. எபனேசர் போனைக் காதிலிருந்து இறக்கி, பேசும் இடத்தை விரலால் பொத்திக்கொண்டு நின்றார்.

"லைன்லயே இருக்கா அந்தப் பிள்ள. என்ன சொல்ல?"

அவள் பலகையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். போனைப் பிடித்த கை தாழ்ந்தது. ஒரு அடி முன்னால் வந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், தாடையைத் தடவினார். அவளுக்குத் தெரியும், இப்போது நல்லாருக்கு என்பார், இல்லை உம் என்பார், எட்டொன்பது வருஷமாக அவர் கையில் இருப்பது அந்த இரண்டும்தான். அவர் மறுபடி கடலைப் பார்த்தார். பிறகு, இதற்கும் இரண்டு நாள் பேச்சு இருக்காது என்று துணிந்துவிட்டவர் போல, ஒரு அடி பின்னால் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நல்லா இல்லட்டி."

"என்ன?"

"நல்லா இல்ல. கலரு சரிதான், கடலு நெறந்தான். ஆனா படம் நல்லா இல்ல. நுரையே இல்லையே, அலை எங்க உடையுதுன்னு தெரியல."

அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்று அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது, தோள் குலுங்கியது, நாற்காலி மணலில் ஒரு பக்கம் இறங்கியது, அவர் பயந்துபோய், "சவத்தப் போடு, நான் ஒண்ணும் சொல்லல" என்று அவள் தோளைப் பிடிக்க வந்தார், அவர் சட்டையில் ஐந்து விரலும் நீலமாகப் பதிய அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "இல்ல, சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க, வேற என்ன நல்லா இல்ல?" என்றாள். போனுக்குள்ளிருந்து, ஹலோ, சார், ஹலோ, என்று அந்தப் பெண்ணின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மொதல்ல அவளுக்கு என்ன சொல்ல?"

"திங்கக்கெழம வாறோம்னு சொல்லுங்க. வரும்போது வெள்ளத் தாளு வாங்கணும், அதையும் ஞாபகம் வச்சுக்கிடுங்க."

அவர் போனைக் காதில் வைத்து, "வாறோம்மா, வாறோம், பேர எழுதிக்கிடுங்க" என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். குணசீலி டேப்பைப் பிரித்து, ஈரம் காயாத அந்தப் படத்தை மணலில் விரித்து நாலு முனையிலும் சிப்பியை வைத்தாள், அடுத்த தாளை எடுத்து ஒட்டினாள், பழைய பல் நிறத் தாள்தான், இன்றைக்கு இது போதும். "போகாதீங்க, இங்கயே ஒக்காருங்க" என்றாள் அவரிடம், "நுரை எங்க வருதுன்னு பாத்துச் சொல்லுங்க." அவர் வேட்டியை மடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். அவள் அகலப் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினாள்.